நாற்பத்தெட்டில் ஒன்று

ஆனைக்கோம்பை மலையூரில் ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், தெபோராளின் பேக்கரி அடுப்பிலிருந்து வெளியே வந்த முதல் பழ பிஸ்கட் ட்ரேயில், நாற்பத்தெட்டில் ஒன்று முன்பே யாரோ கடித்த பிஸ்கட்டாக வந்தது. அது உடைந்திருக்கவில்லை, கருகியிருக்கவில்லை, எலி கொறித்ததாகவும் இல்லை. விளிம்பில் பிறை வடிவில் ஒரு வாய் குறைந்து, அந்தப் பிறையில் பற்கள் வரிசையாகப் பதிந்து, இடப்பக்கத்தில் ஒரு தெத்துப்பல் மட்டும் சற்று ஆழமாக இறங்கி, உள்ளே இருந்த பேரிக்காய்ப் பூரணம் பளபளவென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் குருசு அதை இடுக்கியால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, யாரோ பசி பொறுக்காம அடுப்புக்குள்ள புகுந்து சாப்பிட்டிருக்காங்க. அந்தச் சூட்டுல! பலே ஆளுதான்."

தெபோராளுக்கு வாய் திறக்க வழியில்லை. ட்ரே வெளியே வந்த அதே நொடியில் அவள் நாக்கின்மேல் கொதிக்கக் கொதிக்க ஒரு துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. மாவின் மொறுமொறுப்பும் பேரிக்காயின் புளிப்பும் கிராம்பின் காரமும் அதில் இருந்தன. அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்ப்பவள்போலத் திரும்பி நின்று, கண்ணில் நீர் வர அதை விழுங்கினாள். ஐம்பத்தேழு வயதில், ஒன்பது ஆண்டுகளாகப் பல்செட் அணிந்த வாயில், முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குமுன் ஒரு பிற்பகலில் கடித்த கடி திரும்பி வந்திருக்கிறது என்பது விழுங்கி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த பிஸ்கட்டுக்கு மூலம் வேறொன்று. மலைப்பள்ளியின் சமையலறையை ஒரு காலத்தில் ஆண்ட மிஸ் பெர்னிஸ், தம் நாட்டில் இலைகள் சிவந்து உதிரும் மாதத்தில் வீட்டுக்கு வீடு செய்யும், பழம் அடைத்துச் சுடும் ‘ஆப்பிள் பை’ என்ற பணியாரத்தை இங்கேயும் செய்யப் பார்த்தார். நல்ல ஆப்பிள் கிடைக்காமல், இந்த மலையில் கல்போலக் காய்க்கும் பேரிக்காயைச் சீவி, பட்டையும் கிராம்பும் சர்க்கரையும் சேர்த்துச் சுருள வேகவைத்து, மாவுக் கூட்டுக்குள் அடைத்து, மேலே மாவுக் கீற்றுகளைப் பின்னி மூடிச் சுடுவதற்குத் தம் சமையலறைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தெபோராள் அவரிடம் கற்றவள். ஆயினும் சொந்தமாகப் பேக்கரி வைத்த பிறகு ஒரு நாளும் பேரிக்காயைத் தொட்டதில்லை. கேட்பவர்களிடம் தனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்வதில்லை என்பாள். இந்த ஆண்டு மலைச்சாலையில் மண் சரிந்து, லாரிகள் வராமல், பேரித்தோட்டக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பழத்தைக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கி, "அழுகிப் போகுதுக்கா, ஏதாவது பண்ணுங்க" என்று நின்றபோது, அந்தப் பெரிய பையை இரண்டு வாயில் தின்னும் பிஸ்கட்டாகச் சிறிதாக்கி, கீற்றுப் பின்னலும் விடாமல், வேறு வழியின்றிச் செய்தாள்.

மறுநாளும் ட்ரேக்கு ஒன்று கடிபட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒவ்வொரு ட்ரேக்கும் தெபோராள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

ஊருக்கு அது தெரிய இரண்டு நாள் ஆயிற்று. பழக இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த பிஸ்கட் எச்சிலா, இல்லையா என்பதுதான் ஊரின் முதல் கேள்வியாக இருந்தது. யார் கடித்தது, எப்படிக் கடித்தது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

"நெருப்புல போய் வந்ததுக்கு ஏதுங்க எச்சில்?" என்றார் எதிர்ப்பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கோமதிநாயகம் டம்ளரைக் கீழே வைத்தார். "நெருப்புக்குப் போறதுக்கு முன்னாடி கடிச்சதா, பின்னாடி கடிச்சதா? அதைச் சொல்லும் முதல்ல. முன்னாடின்னா நீர் சொல்றது சரி. பின்னாடின்னா எச்சில்தான்."

"பச்சை மாவைக் கடிச்சா பல்லு இவ்வளவு சுத்தமா பதியுமா வாத்தியாரே?"

"அப்ப எச்சில்தான்னு நீரே ஒத்துக்கிறீர்."

"நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்!"

இது முடியாத வழக்காகப் போய்க்கொண்டிருக்கையில், தபால் நிலையக் குமாஸ்தாவின் மூன்று வயது மகள், எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுகிறவள், கல்லாவின்மேல் ஒதுக்கி வைத்திருந்த கடிபட்ட பிஸ்கட்டை எட்டி எடுத்துத் துகள் மிச்சமின்றித் தின்று, அன்று இரவு சோறும் கேட்டு வாங்கித் தின்றாள். தாய் கடித்துக் கொடுத்ததைப் பிள்ளை தின்பதில் எச்சில் இல்லை என்பது எல்லாச் சமயத்தாருக்கும் உடன்பாடாக இருந்தமையால், அடுப்பையே ஒரு தாயாகக் கொள்ளலாம் என்று ஊர் தீர்மானித்தது. அதன்பின் காலை ட்ரேயின் கடிபட்ட பிஸ்கட் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கும், மாலை ட்ரேயினுடையது முகம் பாராத கணவன் மனைவிக்கும் என்று முறை வகுத்தார்கள். தேவாலயத்தில் மணியடிக்கும் கோயில் குட்டியார் அதற்கொரு நோட்டுப் போட்டு, முன்பதிவு செய்தவர்களை வரிசைப்படி கூப்பிட்டார். மழையில் குடை பிடித்துக்கொண்டு பெண்கள் காத்து நின்றார்கள். தெபோராள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குற்றத்தைச் சிறு சிறு காகிதத்தில் மடித்து ஊர் வீட்டுக்கு எடுத்துப் போயிற்று.

பற்களுக்கு ஒரு பெயர் வைத்தவர் மலைப்பள்ளியின் தாளாளர் பொன்னையா ஆசீர். நாற்பத்தைந்து வயதுக்காரர், அந்தப் பள்ளி விடுதியிலேயே படித்து வளர்ந்தவர். ஒரு மாலை பிஸ்கட்டைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தவர், சிரித்துவிட்டார்.

"தெபோராக்கா, இது நம்ம பழைய ஆளு கடியில்ல? நூற்றாண்டு விழாவுக்குச் சுட்ட பையைக் கடிச்சுட்டு மாட்டுனாளே, பாத்திரம் கழுவுற பொம்பளை, அன்னக்கொடி. அவ வாய் இன்னும் நம்ம ஊர் அடுப்பை விடலை பாருங்க!"

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் அதை அன்னக்கொடியின் கடி என்று சொல்லத் தொடங்கிற்று. அவளைப் பார்த்தே இராதவர்களும் சொன்னார்கள். தெபோராள் கல்லாவில் உட்கார்ந்து, ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய முடிச்சையே மறுபடியும் கட்டினாள்.

நடந்தது இதுதான். பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பேராயரும் விருந்தினரும் வருவதாக இருந்தது. ஆளுக்கொன்றாக அறுபது சிறிய பைகள், உள்ளங்கை அகலத்தில், சுட்டு ஆறுவதற்காகப் பலகையில் வைக்கப்பட்டிருந்தன. பூரணம் செய்யும் பொறுப்பு முதல்முறையாக இருபத்து மூன்று வயது தெபோராளுக்குத் தரப்பட்டிருந்தது. அவசரத்தில் கடைசி ஈடு பேரிக்காயை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டோமோ என்ற சந்தேகம் அவளை அரித்தது. அந்தச் சமையலறையில் மிஸ் பெர்னிஸ் எதையும் கரண்டியால் எடுத்துச் சுவைத்துவிடுவார். நம் பெண்களோ, விருந்தாளிக்கு வைக்கும் பண்டத்தில் வாய் வைக்கக் கூடாது என்று, உப்பையும் சர்க்கரையும் மூக்கால் முகர்ந்தே கண்டுபிடிப்பார்கள். வேக்காட்டை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. யாரும் இல்லாத நேரத்தில் தெபோராள் ஒரு பையை எடுத்து ஒரே ஒரு கடி கடித்தாள். காலடி கேட்டது. கடித்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் பின்வாசலால் வெளியேறினாள்.

திரும்பி வந்தபோது தலைமைச் சமையற்காரர் பாக்கியநாதன் அறை நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அன்னக்கொடி நின்றாள். நான்கு மாத கர்ப்பிணி. முந்தானைக்குள் ஒளித்து வைத்திருந்த கடிபட்ட பை அவள் கையோடு பிடிபட்டிருந்தது. "மசக்கைக்காரி, நாக்கு கேட்டிருக்கு" என்று ஒருத்தி பரிதாபமாகவே சொன்னாள். அந்தப் பரிதாபமே தீர்ப்பாகிவிட்டது. மிஸ் பெர்னிஸ், ஒரு பைதானே, போகட்டும் என்றார். பாக்கியநாதன், பேராயருக்கு எச்சில் இலை போடும் சமையலறையில் தாம் இனிமேல் கரண்டி பிடிப்பதில்லை என்றார். அன்று மாலைப் பேருந்தில் அன்னக்கொடி கீழே தன் ஊரான கரட்டுப்பட்டிக்கு அனுப்பப்பட்டாள். தெபோராள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஸ் பெர்னிஸ் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் அவள் சொல்லவில்லை. பிற்பாடு அவள் தனக்கென்று ஒரு சமாதானம் கண்டுபிடித்து, அதை முப்பத்து நான்கு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தாள்: கடித்தது நான்தான், ஆனாலும் அவள் மிச்சத்தைத் தின்னத்தானே எடுத்தாள்? கையில் கிடைத்திராவிட்டால் இன்னொன்றை எடுத்திருப்பாள். இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தெத்துப்பல்லை, வலி ஒன்றும் இல்லாமலேயே, கீழூர் மருத்துவரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்தப் பள்ளியின் சமையலறைக்கு மேலாளர் வேலை காலியாக இருந்தது. அன்னக்கொடியின் மகள் செவ்வந்தி, உணவியல் படித்து மதுரையில் ஒரு பெரிய விடுதியில் வேலை பார்த்தவள், அதற்கு விண்ணப்பித்திருந்தாள். ஆசீர் அந்த விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெபோராளிடம் வந்தார்.

"சர்டிபிகேட்டெல்லாம் அருமையா இருக்குக்கா. ஆனா கமிட்டில முணுமுணுக்குறாங்க. அவ அம்மா கதை ஒரு பக்கம், இந்த அடுப்புக் கதை ஒரு பக்கம். அந்தக் காலத்து ஆளுன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் முடிவு."

சொல்லியிருக்கலாம். கல்லாவில் கூட்டமில்லை, மழைகூட அப்போதுதான் விட்டிருந்தது.

"பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும் தம்பி?" என்றாள் தெபோராள். "அம்மா செஞ்சதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? மன்னிச்சு விட்டுருங்க."

ஆசீர் நெகிழ்ந்து போனார். அவர் படியிறங்கியதும் குருசு ட்ரேயை இழுத்தான்; அன்றைய கடி முன்னைப்போல ஒரு வாயாக இல்லை, பாதி பிஸ்கட்டையே கொண்டுபோயிருந்தது. தெபோராளுக்கு மூச்சு முட்டியது. நாக்கில் கொப்புளம் எழுந்தது. மன்னிப்பு என்ற சொல்லை, கேட்க வேண்டியவள் கொடுத்துவிட்டாள் என்பது சுவரைப் பார்த்து நிற்கையில் அவளுக்கு விளங்கியது.

நேர்காணலுக்கு முதல் நாள், சரிந்த மண்ணை அகற்றிய பிறகு மறுபடி ஓடத் தொடங்கிய பேருந்தை விட்டு இறங்கிய ஒரு பெண் நேராகப் பேக்கரிக்கு வந்து, சூடாக ஏதாவது வேண்டும் என்றாள். முப்பத்து மூன்று வயது இருக்கும். அன்னக்கொடியின் அதே நெற்றி; பார்த்ததுமே தெபோராளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"செவ்வந்திங்களா?" என்று குருசு முந்திக்கொண்டான். "ஊரே உங்களைப் பத்தித்தான் பேசுது. உங்க அம்மா கடி இங்க ரொம்ப பிரசித்தம்!"

"குருசு, போய் விறகைப் பாரு" என்றாள் தெபோராள்.

செவ்வந்தி சிரித்தாள்; கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன சிரிப்பு. "இருக்கட்டும்மா. எங்க ஊர்ல எனக்குப் பேரே கடிச்சவ மகதான். பள்ளிக்கூடத்துல யார் டிபன்பாக்ஸ் காணாமப் போனாலும் முதல்ல என் பையைத்தான் கவுத்துப் பாப்பாங்க. அதான் இந்த வேலையே கேட்டு வந்தேன். எந்தச் சமையக்கட்டுல இருந்து அம்மாவை அனுப்புனாங்களோ, அதோட சாவி என் இடுப்புல இருக்கணும்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அது ஒரு தனிப் பிறவிம்மா. கேட்டா, 'நான் திங்க எடுக்கலடி, மறைக்கத்தான் எடுத்தேன்' அப்படிங்கும். யாரோ சின்னப் பொண்ணு அவசரப்பட்டுக் கடிச்சு வச்சிட்டாளாம். பல்லைப் பாத்ததுமே இதுக்கு யாருன்னு தெரிஞ்சு போச்சாம். மத்தவங்க பாக்குறதுக்குள்ள குப்பையில போட்டுரலாம்னு முந்தானையில சுத்துனா, அதுக்குள்ள அந்தாளு வந்துட்டாராம். யாருன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. 'அவளே வந்து சொல்லுவா'ன்னு ஒரு பிடிவாதம்."

தெபோராள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவள் படுத்துறங்கிய சமாதானம் அவளுக்கடியிலிருந்து உருவப்பட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உள்ளே குருசு ட்ரேயை இழுத்தான், வாய் நிறைந்துவிட்டது. செவ்வந்தி வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மூன்றரை மணிக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்காக அங்கே பூசணிக்காயும் கேரட்டும் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் வெளியே போகவில்லை. கோமதிநாயகமும் காதர் பாயும் தற்செயலாக வந்தவர்கள்போல ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சில் செவ்வந்தியும், அவளுக்குப் பக்கத்தில், நரைத்த கொண்டையும் நேரான முதுகுமாக அன்னக்கொடியும் இருந்தார்கள். தெபோராள் உள்ளே வந்ததும் அன்னக்கொடி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கைவிரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

தெபோராள் உட்காரவில்லை. நின்றபடி, தயார் செய்து வந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பையைக் கடித்தது தான் என்று சொன்னாள். அன்னக்கொடி தன்னைக் காப்பாற்றத்தான் அதை எடுத்தாள் என்றும், அனுப்பப்பட்டபோது தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததாகவும், இந்த அடுப்பில் வருவது தன் பல் என்றும் சொன்னாள்.

ஆசீர் எழுந்து, கண் கலங்கக் கைகூப்பினார்.

"பாத்தீங்களா? இதுதான் நம்ம தெபோராக்கா! ஒரு பொண்ணு பொழைக்கணும்னு அடுத்தவங்க பழியைத் தன் தலையில தூக்கி வச்சுக்கிறாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

கமிட்டியில் இருந்த போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து யாரோ கைதட்ட, கூடம் முழுவதும் கைதட்டியது.

"நான் சொல்றது நிஜம் தம்பி" என்றாள் தெபோராள்.

"தெரியும்க்கா, தெரியும். நீங்க உட்காருங்க. உங்க பல்லுல தெத்துப்பல் எங்கக்கா இருக்கு?" என்று அவர் அன்பாகச் சிரித்தார். "அம்மா செவ்வந்தி, அக்காவுக்கு நன்றி சொல்லுங்க. வேலை உங்களுக்குத்தான்."

செவ்வந்தி எழுந்தாள். "இவங்க பெரிய மனசுல கிடைக்கிற வேலை எனக்கு வேண்டாம் சார். அப்ப எங்க அம்மா கடிச்சதாத்தானே ஆகுது?"

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லுமுன், சாலைக்கு அந்தப் பக்கத்துப் பேக்கரியில், நாலு மணி ட்ரேயைக் குருசு வெளியே இழுத்திருக்க வேண்டும். தெபோராளின் வாய் நிறைந்தது. இத்தனை நாளும் தேடிய சுவரை அவள் இன்றும் தேடினாள். கூடத்தின் சுவர் தொலைவில் இருந்தது. நடந்து போய்த் திரும்பி நிற்க நேரம் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் போகவில்லை. மேசைக்கு அருகில் வந்து, ஆசீரின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலய முன்வரிசையில் பாடும் அந்த வாயை, குழந்தைகள் மருத்துவரிடம் திறப்பதுபோல அகலத் திறந்தாள்.

நாக்கின்மேல், கீற்றுப் பின்னலும் கலையாமல், அரை பிஸ்கட் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவள் அதை விரலால் எடுத்து, எச்சில் நூலோடு, நேர்காணல் தாள்களுக்கு நடுவில் இருந்த சாஸரில் வைத்தாள். மாலை ட்ரேயின் கடிபட்ட பிஸ்கட்டை வழக்கம்போல அவளிடம் காட்டக் குருசு மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் கையிலிருந்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்துச் சேர்த்தாள். பின்னலின் கீற்றுகூட விலகாமல் பொருந்தியது.

முதலில் வாய் திறந்தவர் கோமதிநாயகம். "அப்ப இத்தனை நாளா நாம பிள்ளைகளுக்குக் கொடுத்தது இந்தம்மா எச்சிலையா?"

"நெருப்புல போனதுதானே வாத்தியாரே, விடும்" என்றார் காதர் பாய், மெதுவாக.

ஆசீர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் செவ்வந்தியைப் பார்த்து, இனி இந்தக் கூடத்தில் யாரும் எதுவும் பேசமாட்டார்கள் என்றும், வேலையை அவள் தலைநிமிர்ந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றும், எல்லாம் தீர்ந்துபோயிற்று என்றும் சொன்னார். அப்போதுதான் அன்னக்கொடி எழுந்தாள்.

"எங்க தீந்துச்சு?" என்றாள். "நான் இங்கயா குடியிருந்தேன்? இங்க யாரு என்னையக் கடிச்சவன்னு கூப்பிட்டது? கரட்டுப்பட்டியில கல்யாண வீடு, சடங்கு வீடு ஒண்ணுலயும் என்னைய அடுப்படிப் பக்கம் விட மாட்டாளுக. அம்புட்டு நல்லா சமைப்பேன் நான்; வாசல்ல உக்கார வச்சு இலையில போட்டு அனுப்புவாளுக. எம்புருசன் கருமாதிக்குக் கூட வெளியாளுதான் பொங்குனா." பிறகு தெபோராளின் பக்கம் திரும்பினாள். "இந்தா, தெபோரா புள்ள. முப்பத்தி நாலு வருசம் கழிச்சு உனக்கு வாய் தொறந்திருக்கு. அதைக் கொண்டாந்து எங்க ஊர்லயும் தொற."

"வர்றேன் அன்னக்கா" என்றாள் தெபோராள்.

"சும்மா வந்து கதை சொல்லாத. நீ சொன்னா அங்கயும் கைதான் தட்டுவாளுக. வாய்ல வச்சுக் கொண்டா."

மறுநாள் காலை ஒன்பது மணிப் பேருந்தில் தெபோராளும் அன்னக்கொடியும் ஏறினார்கள். பேருந்து ஹாரன் அடித்ததும் ட்ரேயை இழுக்க வேண்டும் என்று தெபோராள் குருசுவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவன் ஜன்னல் வழியே ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினான். "மோந்துக்கிட்டே போங்கம்மா. நாப்பது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வந்துச்சோ, எல்லாம் போச்சு." சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினான். பேக்கரி வாசலில் அன்று வரிசை இல்லை. குட்டியார் தம் நோட்டை நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப் போய்விட்டார். ஹாரன் அடித்தது. வாய் நிறைந்தது.

அது ஆறவில்லை. மற்ற நாள்களில் விழுங்கிவிட்டதனால் அது ஆறாது என்பது அவளுக்குத் தெரியாமலே இருந்தது. முதல் வளைவில் கொப்புளம் உடைந்தது; ஐந்தாவது வளைவில் கண்ணீர் தானாக வழிந்தது; கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டபோது அன்னக்கொடிதான் இரண்டு கரட்டுப்பட்டி என்றாள். விழுங்கிவிடலாம், ஒரு நொடி வேலை, கீழே போய், கரைந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்பாமலும் இருக்க மாட்டார்கள். தொண்டை அதற்காகவே முப்பது நாளாகப் பழகியிருந்தது. அவள் எலுமிச்சம்பழத்தில் நகத்தைப் பதித்துக்கொண்டு, தொண்டையைப் பூட்டி வைத்தாள்.

அன்னக்கொடி பேசத் தொடங்கினாள். யாரோடோ பேசுவதுபோல ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். அந்த மாலைப் பேருந்து எந்த வளைவில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியது என்பதிலிருந்து, பிரசவத்துக்கு எந்த வீட்டுக்காரி வெந்நீர் தர மறுத்தாள் என்பதுவரை, சிறு பெண் பள்ளியிலிருந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த நாள்களிலிருந்து, சொந்தத் தங்கை வீட்டில் முறுக்குச் சுட்டபோது எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியதுவரை, வளைவுக்கு ஒன்றாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். எல்லாம் உண்மை. இருபத்தெட்டாம் வளைவில் ஒன்று மட்டும் உண்மையில்லை.

"நீ அன்னிக்கு மிஸ்ஸுகிட்ட தனியாப் போயி, இவளுக்குக் கை நீளம்னு சொல்லிக் கொடுத்தியாமே. பாக்கியநாதன் சொன்னான்."

தெபோராள் அதைச் சொன்னதே இல்லை. அவள் செய்த தவறு வாய் திறக்காமல் இருந்ததுதான்; இதை அவள் செய்யவில்லை. வெடுக்கென்று திரும்பினாள். இல்லை அக்கா, சத்தியமாக இல்லை என்று சொல்ல, ஒரே ஒரு சொல் சொல்ல, உதடு துடித்தது. சொன்னால் வாயிலிருப்பது போய்விடும். அன்னக்கொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்காகக் காத்திருப்பவள்போலவும், பதில் வராது என்று தெரிந்தவள்போலவும் பார்த்தாள். பேருந்து இன்னொரு வளைவு திரும்பியது. தெபோராள் செய்யாத குற்றத்தையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, நேராகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அன்னக்கொடி.

கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கரட்டுப்பட்டியில் மழை இல்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. நிறுத்தத்தில் ரேஷன் கடை திறந்திருந்து, பெண்கள் பையும் அட்டையுமாக வரிசையில் நின்றார்கள். அன்னக்கொடி முதலில் இறங்கி, கையைக் கொடுத்துத் தெபோராளை இறக்கிவிட்டாள். அந்தக் கை உடனே விலகிக்கொண்டது.

"ஏ, இங்க வாங்க எல்லாரும்! வரிசை எங்கயும் போயிராது, வாங்க."

"யாரடி கூட்டியாந்திருக்க, கடிச்சவளே?" என்று ஒரு கிழவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "மேல இருந்தா? இம்புட்டு அழகா சேலை கட்டிருக்கு, ஏன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு நிக்குது?"

"அதைப் பாக்கத்தான் கூப்பிடுறேன்."

பெண்கள் வந்து சூழ்ந்தார்கள். சீனிப் பையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, எடை போடுகிறவனும் தராசை விட்டுவிட்டு வந்தான். தெபோராள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அவளை நல்லவள் என்று எண்ணக் காரணம் உள்ளவர் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்களில் உயரம் குறைந்த கிழவிக்கும் தெரியும்படி நன்றாகக் குனிந்து, வாயைத் திறந்தாள்.